தூக்குக்காவடிக்குப் போட்ட புதுச் சில்லு

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடைகாலத்தில், கிழக்கு லண்டனில். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கோயிலில் அன்று தேர். வழக்கமாக நான் கூட்டத்தில் ஒருவனாக நின்று கும்பிட்டுவிட்டு, அன்னதான வரிசையில் முன்னுக்கு நிற்பவன். அன்றைக்கு என் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கண்ணாடிக்கு நேர் முன்னால், முதுகில் குத்திய கொக்கிகளில் என் தங்கையின் கணவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

தூக்குக்காவடியைக் காணாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்த்தி வைத்தவரின் முதுகிலும் தொடையிலும் காலிலும் கொக்கிகள் குத்துவார்கள். செடில் என்போம். அவற்றைக் கயிற்றில் கோத்து, வண்டியில் பூட்டிய இரும்புச் சட்டத்திலிருந்து முன்னுக்கு நீளும் குழாயில் கட்டிவிட்டால், அவர் குப்புறப் படுத்த நிலையில் அந்தரத்தில் தொங்குவார். மேளத்துக்கு ஏற்ப ஆடுவார். கீழே நிற்பவர்களுக்குத் திருநீறு கொடுப்பார். ஊரில் இதற்கு உழவு இயந்திரம் வரும். லண்டனில் உழவு இயந்திரத்துக்கு எங்கே போவது? எங்கள் கோயிலில் ஒரு பெரியவரின் பழைய லொறிதான் இதற்கு வந்துகொண்டிருந்தது. புகை கூடிய பழைய வண்டிகளுக்கு லண்டனில் போடும் வரியைக் கட்டிக் கட்டி அலுத்துப்போய் அவர் அதை விற்றுவிட்டார். அந்த வருடம் எல்லோருடைய கண்ணும் என் வண்டியில் விழுந்தது.

எனக்கு வேலை வீடுகளுக்கு வேலி அடிப்பது. பலகையும் சீமெந்துத் தூணும் ஏற்றுவதற்காக வாங்கிய வண்டிதான். ஆனாலும் அதை நான் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, "உங்களை நீங்கள் இவ்வளவு கழுவினா நல்லாயிருக்கும்" என்று மனைவி சொல்வாள். கோயில்காரர் கேட்டிருக்காவிட்டாலும் நானே கொடுத்திருப்பேன். ஏனென்றால் அந்த நேர்த்தி என் தங்கைக்காக வைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. பிழைப்பாள் என்று டாக்டர்களே வாயைத் திறந்து சொல்லாத நிலை. ஆஸ்பத்திரி நடைபாதையில் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் எழும்பி நடந்தால் தூக்குக்காவடி எடுப்பதாகச் சொன்னார். அவள் எழும்பி நடந்தாள். அப்படிப்பட்ட மனிதருக்கு வண்டி மட்டுமல்ல, வீட்டையே தூக்கிக் கொடுக்கலாம்.

விரதம் தொடங்கிக் கையில் காப்புக் கட்டிய மறுநாள், மச்சான் ஒரு வாடகை வான் வண்டியில் நான்கு சில்லுகளைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். சக்கரத்தை நாங்கள் சில்லு என்றுதான் சொல்வோம். கறுப்பு நிறம், அகலம், தடித்த பூப்போட்ட டயர். மச்சான் லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் பல வருடம் இருந்தவர். ஜேர்மனியிலிருந்து வந்த சாமான் என்றால் அவருக்குக் கேள்வியே கிடையாது. அங்கே ஒரு நண்பர் தன் பிக்கப்பிலிருந்து கழற்றியதாம். "வெறுங்கையோட வந்து உங்கட வண்டியில தொங்கக் கூச்சமாக் கிடக்கு மச்சான். சாமி வேலைக்குப் போற வண்டி, வடிவாப் போகட்டும்" என்றார்.  இந்தக் காலத்தில் எந்த மச்சான் மச்சானுக்குச் சில்லு வாங்கிக் கொடுக்கிறார்?

பழைய சில்லில் ஆறு துளை, இதிலும் ஆறு துளை. பொருந்தும் என்று முடிவுகட்டிவிட்டேன். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களை அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து வாசித்தேன். என் பழைய டயரில் 265, 65, 17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் உலோகச் சில்லின் விட்டம், அங்குலத்தில். மச்சான் கொண்டுவந்ததில் 285, 70, 17. கடைசி எண் இரண்டிலும் ஒன்றாக இருந்ததைக் கண்டு எனக்கு ஒரே சந்தோஷம். அகலமும் கூடி, பக்கச்சுவரின் பங்கும் கூடினால் முழு டயரும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிடும் என்ற கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

இதைப் பூட்டித்தந்தவர் ஃபாரஸ்ட் கேட்டில் டயர்க் கடை வைத்திருக்கும் ஒரு பஞ்சாபிக்காரர். அவர் சில்லைத் திருப்பிப் பார்த்து, ஓஃப்செட் குறைவாக இருக்கிறதே என்றார். அச்சோடு பூட்டும் தட்டு சில்லின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எண் குறைந்தால் சில்லு வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால், முழுக்க ஒடிக்கும்போது அது சுற்றுகிற வட்டம் பெரிதாகும். வழக்கமாக என்ன பாரம் ஏற்றுவாய், முன்பக்கம் பாரம் விழுமா என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? முன்பக்கத்தில் ஒரு மனிதரைக் கொக்கியில் தொங்கவிடப் போகிறேன் என்றா? வேலிப் பலகைதான், பாரம் பின்னுக்குத்தான் என்றேன். பாரத்தை ஏற்றிவிட்டு இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார், ஏதாவது முட்டினால் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார்.

வெறும் வண்டியை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். முட்டவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் வந்து, "எப்பிடி மச்சான்?" என்று கேட்டபோது, "ராசா மாதிரி நிக்குது" என்றேன். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, சீமெந்து மூட்டைகளை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு ஒரு முடுக்கில் திரும்பியபோது, என் காலடியில் சர்ரென்று ஒரு உரசல் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்து முன் சில்லுக்குப் பின்னால், சேறு தெறிக்காமல் இருக்கப் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் லேசாக ஒரு கறுப்புக் கோடு. துடைத்தேன். கோடு போய்விட்டது. என் கவலையும் போய்விட்டதாக எண்ணிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். காப்புக் கட்டியவருக்கு முன்னால் எதிர்ச்சொல் பேசக்கூடாது. இல்லை, பழுது, ஏலாது, பிழை ஒன்றும் வாயில் வரக்கூடாது. விரதகாரரின் மனம் சலிக்கக்கூடாது என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளைக்கூட அதட்டி அடக்குவார்கள். அதிலும் அவர் ஆசையாகக் கொண்டுவந்து தந்த பொருளைப் பற்றி, சாமி காரியத்துக்கு முதல், "இது பொருந்தேல்லை" என்று எப்படிச் சொல்வது? திருவிழா முடியட்டும், பிறகு மெல்லச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது ஒரு நல்ல குணம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

தேரன்று காலை சட்டத்தைப் பூட்டினார்கள். பின்னால் பாரம் ஏற்றும் தட்டில் நான்கு கால், முன்னால் பம்பருக்கு மேலே இருக்கும் இரும்புக் கம்பியில் இரண்டு கால். குழாய் கூரைக்கு மேலால் வந்து முன்னுக்கு நீண்டு நின்றது. மச்சானை மேடையில் படுக்கவைத்துச் செடில் குத்தினார்கள். இரண்டு கன்னத்தையும் துளைத்து ஒரு சின்ன வேலும் குத்தினார்கள். அலகு குத்தியவர் பேச முடியாது. தங்கை கைகூப்பி நின்றாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. வண்டியை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கயிறுகளைக் குழாயில் கட்டி, மேடையை இழுத்தார்கள். மச்சானின் உடம்பு காற்றில் இறங்கியது. முதுகுத் தோல் கொக்கிகளோடு கூடாரம்போல் மேலே எழும்பியது. அந்தக் கணத்தில் வண்டியின் மூக்கும் கீழே இறங்கியதை என் இருக்கையிலேயே உணர்ந்தேன். பஞ்சாபிக்காரர் சொன்ன பாரம் இதுதான் என்று அப்போது உறைத்தது. அதற்குள் அரோகரா என்று கூட்டம் முழங்கிவிட்டது. பெரிய கதவு திறந்து தேர் வெளியே போனது. பின்னால் நான்.

முதல் தெரு நேர்த் தெரு. நடை வேகத்துக்கும் குறைவாக உருட்டினேன். வேகத்தடை வந்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தடையில் ஏறி இறங்கும்போது குழாய் மெல்ல அசையும், மச்சானின் முதுகில் கொக்கிகள் ஒன்றாக இழுபடும், அவர் ஆட்டத்தோடு ஆட்டமாக அதை எடுத்துக்கொள்வார். மேளகாரர் வண்டிக்கு முன்னால் பின்நடையாக நடந்து அடித்துக்கொண்டு வந்தார்கள். தாய்மார் குழந்தைகளைத் தூக்கி அவரிடம் நீட்ட, அவர் நெற்றியில் திருநீறு பூசினார். தங்கை செம்பில் தண்ணீரும் வேப்பிலையுமாக, வெறுங்காலோடு பக்கத்தில் நடந்துவந்தாள். 

அடுத்தது வலப்பக்கம் ஒரு திருப்பம். அந்தத் தெருக்களில் அன்றைக்கு வாகனம் நிறுத்தக்கூடாது என்று கவுன்சில் முதலே அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆனால் சரியாக அந்த முனையில் ஒரு வெள்ளை வான் நின்றது. தேர் எப்படியோ கயிற்றை வளைத்துப் போய்விட்டது. நான் அகலமாகத் திரும்பலாம் என்று மனதில் போட்டிருந்த கணக்கை அந்த வான் கெடுத்துவிட்டது. ஒடுக்கமாகத்தான் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன்.

முதலில் அந்தச் சர்ரென்ற சத்தம். மேளத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு ஏதோ கிழிந்தது. பிறகு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மச்சான் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தார். அப்படி அவர் ஊஞ்சல் ஆடியதைக் கூட்டம் அருள் என்று நினைத்துவிட்டது. இன்னும் பலமாக அரோகரா என்றார்கள். மேளகாரர் வேகத்தைக் கூட்டினார்கள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். டயர் பின்னால் இருந்த பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்து, சுருட்டித் தனக்கும் இரும்புக்கும் இடையில் திணித்துக்கொண்டு நின்றது. அதைப் பூட்டியிருந்த இரும்புப் பட்டை வளைந்து டயரின் பக்கச்சுவரைக் குத்திக்கொண்டிருந்தது. இனி ஒரு அடி முன்னுக்கு உருட்டினால் பட்டை டயருக்குள் இறங்கும். வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் சடாரென்று விழும். வண்டியோடு குழாய் விழும். குழாயில் தோலால் தொங்குகிற மனிதர் என்னாவார்? பின்னுக்கு எடுத்தாலும் குலுக்கல் குலுக்கல்தான். பின்னால் பாற்குடம் ஏந்திய பெண்கள் நெருக்கமாக நின்றார்கள். ஸ்டியரிங்கை நேராக்கப் பார்த்தேன். அது அசைய மறுத்தது. அவரை இறக்கவும் வழி இல்லை. மேடை கோயில் வாசலில் கிடந்தது.

இதற்குள் மச்சானின் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. அவர் முன்னுக்கு ஆடுகிற ஒவ்வொரு தடவையும் வண்டியின் மூக்கு ஒரு விரல் அளவு தாழ்ந்து, பட்டை டயரில் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குக் கீழே வந்தாள். "தள்ளுங்கோ! தள்ளி நில்லுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மஞ்சள் மேலங்கி போட்ட கோயில் தொண்டர்களின் தலைவர் ஓடிவந்தார். தேர் தூரப் போகுது, பொலிஸ்காரன் நேரத்தைப் பார்க்கிறான், ஏன் நிக்கிறியள் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மேளத்தை நிற்பாட்டுங்கள், ஆட்டம் நிற்க வேண்டும் என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "மேளம் நிண்டா உரு இறங்கிடுமெல்லே தம்பி. உரு இறங்கினா அவருக்கு நோகத் தொடங்கிடும். அப்பிடித் தொங்க ஏலாது" என்றார். அவர் சொன்னது எனக்கும் தெரியும். சாமி வந்து ஆடுகிறவருக்கு நோவு தெரியாது, மேளம்தான் அவரைத் தாங்குகிறது என்பது எங்கள் நம்பிக்கை. மேளம் அடித்தால் டயர் போகும். நிற்பாட்டினால் மச்சான் துடிப்பார். ஒரு மனிதரின் முதுகைப் பற்றி நான் எப்படி முடிவெடுப்பது? ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழவேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் தங்கை என் கதவடியில் வந்து நின்றாள்.

"அண்ணை, என்ன நடந்தது? மறைக்காமச் சொல்லுங்கோ."

"ரயர் உள்ளுக்கு இடிச்சுக்கொண்டு நிக்குது தங்கச்சி. இன்னும் ஆடினா வெடிச்சாலும் வெடிக்கும்."

அவள் குனிந்து சில்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தொண்டர் தலைவர் உரு இறங்குவதைப் பற்றி மறுபடியும் தொடங்கினார். "நோகட்டும் அண்ணை," என்றாள் அவரிடம். "விழுறதை விட நோகிறது நல்லது. மேளத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ." அவருக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுக்காமலே செம்பை நிலத்தில் வைத்துவிட்டு, முன்னால் போய், தவில்காரரின் கையைப் பிடித்துவிட்டாள்.

மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. அவ்வளவு சனம் நின்ற தெருவில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. தங்கை மச்சானுக்குக் கீழே போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி அவருடைய தோள்களைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. அவருடைய தலை அவள் பக்கம் திரும்பியது. அவள் ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கு உள்ளே இருந்த எனக்குக் கேட்கவில்லை. பிறகு நோவு தொடங்கியது. அவருடைய முதுகுதான் எனக்கு நேரே இருந்தது. அந்த முதுகு நடுங்கியது. கால்விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. வாயைத் திறந்து கத்தவும் முடியாத மனிதர். நான் பார்க்காமல் இருக்க நினைத்தேன். ஆனால் பார்த்தேன்.

வேலிப் பலகை ஏற்றிப் பழகிய மண்டை அப்போதுதான் வேலை செய்தது. பின் தட்டில் பாரம் ஏறினால் மூக்கு உயரும். மூக்கு உயர்ந்தால் டயருக்கும் தகட்டுக்கும் இடையில் இடைவெளி வரும். ஆட்களைப் பின்னால் ஏறச் சொல்லிக் கேட்டேன். குதிக்காமல், ஒவ்வொருவராக, மெல்ல. தொண்டர்கள் ஏறினார்கள். மேளகாரர் தவிலை இறக்கி வைத்துவிட்டு ஏறினார்கள். தன் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத்தவர், நல்ல கனமான ஆள், ஒன்றும் கேட்காமல் வந்து தட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். பாற்குடப் பெண்கள் பின்னால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மூக்கு உயரத் தொடங்கியது. ஒரு தொண்டர் நிலத்தில் படுத்து, கையை விட்டு, சுருண்டிருந்த பிளாஸ்டிக்கை இழுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னும் இருவர் ஏறினார்கள். மறுபடியும் இழுத்தார். கிழிந்துகொண்டு வந்தது. வளைந்த பட்டையை இரும்புக் கம்பியால் நெம்பினார்.

"திருப்புங்கோ அண்ணை, மெல்ல, மெல்ல" என்று கீழேயிருந்து சத்தம். ஸ்டியரிங்கைத் தொட்டேன். அசைந்தது. மயிரிழை மயிரிழையாக நேராக்கினேன்.

ஆனால் நேராகிவிட்டால் போதாதே, திரும்ப வேண்டுமே. அந்த வான் இன்னும் அங்கேதான் நின்றது. வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போன ஒரு தொண்டர், கடைசியில் வான்காரரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். கையில் பாதி கடித்த பாண் சாண்ட்விச்சோடு வந்த வெள்ளைக்காரர். ஏதோ கோபமாகச் சொல்ல வாயைத் திறந்தவர், குழாயில் தொங்குகிறவரையும் அவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணையும் கண்டார். பாணைப் பக்கத்தில் நின்றவரின் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வானை எடுத்தார். அதற்குப் பிறகு தெருவின் முழு அகலமும் என்னுடையது. ஒடிக்காமல், பெரிய வளைவாக, பின்னால் ஆட்கள் நிறைந்திருக்க, மெல்லத் திரும்பினேன். தங்கை மச்சானின் தோளில் இருந்து கையை எடுக்கவில்லை. பின்நடையாக நடந்தாள், அவருடைய கண்ணைப் பார்த்தபடி. தட்டில் இருந்தபடியே தவிலை வாங்கி மேளகாரர் மறுபடி தொடங்கினார்கள், தாழ்ந்த தாளத்தில். கோயில் வாசல் வரைக்கும் அப்படியே போனோம்.

மேடையில் இறக்கிச் செடிலைக் கழற்றித் திருநீற்றை அப்பினார்கள். இரண்டு இடத்தில் தோல் சற்றுக் கிழிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு டயரைத் தடவிப் பார்த்தேன். பக்கச்சுவர் வெட்டுப்பட்டு, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். 

அன்று பின்னேரம், காப்பு அவிழ்த்து வீட்டுக்கு வந்த பிறகு மச்சானுக்கும் தங்கைக்கும் முன்னால் நடந்ததை எல்லாம் சொன்னேன். உரசல் எனக்கு முதலே கேட்டது, விரதகாரரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மச்சான் கன்னத்தில் இருந்த மருந்துப் பஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார்.

"எனக்கும் கேட்டது மச்சான்," என்றார். "ஒருநாள் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போனியளெல்லே, அண்டைக்கு. பிறகு ஜேர்மனிக்குப் போன் எடுத்துக் கேட்டனான். அவன் தன்ர வண்டியை ஸ்பிரிங் மாத்தி உயர்த்தித்தான் அந்தச் சில்லைப் போட்டவனாம். நீங்கள் எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சந்தோசப்பட்டியள். கழட்டுங்கோ எண்டு எந்த வாயால சொல்ல?"

 அவருக்காக நான் மறைத்தேன். எனக்காக அவர் மறைத்தார். இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு அந்த வண்டிக்கு மாலை போட்டோம்.

 தெருவில் வண்டிக் கதவடியில் நின்றபோது "முந்தியே தெரியுமோ" என்று என்னைக் கேட்காமல் விட்ட தங்கை, எழும்பி நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்கட ரெண்டு பேற்ற மரியாதையும் இண்டைக்கு இவற்ற முதுகிலதான் தொங்கினது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த நாளே பழைய சில்லுகளைத் திரும்பப் பூட்டிவிட்டேன். டயர்க் கடைக்காரரிடம் இந்த முறை உண்மையான பாரம் என்ன என்று சொன்னேன். அவர் என்னை நம்பினாரோ தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பேச்சு கொஞ்சம் கரடுமுரடாகிவிட்டது. நான் வைத்த குழம்பு வாயில் வைக்க ஏலாது என்று மச்சான் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவர் வாங்கிவந்த சட்டை எனக்குப் பிடிக்கவில்லை என்று நானும் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் ஒரு கணம் சுருங்கும். முகம்தானே சுருங்கியது, ஆள் முழுசாக முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே என்று அந்த நேரம் எனக்குள் ஒரு நிம்மதி வந்து நிறைந்துவிடுகிறது.